ஜெரஜாக் தீவு: நம் முன்னோர் மிதித்த முதல் மண்

கடாரம் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு நெஞ்சு நிமிர்கின்றது. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து வந்து இக்கெடா நாட்டை வென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுத்த பழங்கோயில்களின் அடித்தளங்கள் பண்டைத் தொடர்புக்குச் சான்று பகர்கின்றன. பாடாங் செராயிலும் கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் விழா மேடை ஏறுவோருள் இதனை எடுத்துரைக்காதவர் அரியர். உரைக்கட்டும்; அதில் குற்றமில்லை.

ஆயின், அம்மேடையின் எதிரே பாயில் அமர்ந்து கைதட்டும் மக்களை நோக்கி ஒரு கேள்வி கேட்போம். உங்கள் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான்? சோழன் மரக்கலத்திலா? அன்று. அவன் ஏறி வந்தது கூலிக்கப்பல். அவனுக்கு முன் முரசு முழங்கவில்லை, கங்காணி நடந்தான். கடாரத்து மண்ணை மிதிக்குமுன் அவனும் அவனையொத்த பல்லாயிரவரும் மிதித்த மண் ஒன்றுண்டு. அதுதான் ஜெரஜாக் என்னும் சிறு தீவு. சோழன் பெயரை நாம் அறிவோம். ஜெரஜாக்கில் இறங்கிய நம் பாட்டி பெயரை அறிவோமா? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

பாலத்தினின்று தெரியும் பச்சைத் தீவு

பாடாங் செராயினின்று புறப்பட்டு, பினாங்குப் பாலத்தின்மேல் செல்வோர் இடப்புறம் நோக்கினால், காடு போர்த்த குன்றுடன் ஒரு தீவு கடலில் கிடக்கக் காண்பர். பினாங்குத் தீவின் தென்கிழக்குக் கரைக்கும் எதிர்க்கரைக்கும் இடையிலே, பினாங்கை ஒட்டினாற்போல் அது கிடக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ மூன்றரைச் சதுரக் கிலோமீட்டர். நம் பக்கத்துப் பெருந்தோட்டம் ஒன்றின் அளவே எனலாம். பாலம் திறக்கப்பட்ட 1985-ஆம் ஆண்டு முதல் நம்மவர் எத்தனையோ முறை அதைக் கடந்திருப்பர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை செல்லும் பேருந்துகள் அத்தீவைப் பார்த்தவாறே போகின்றன. பேருந்தினுள் இருப்போருள் அது தம் குடும்பத்துச் சரித்திரத்தின் முதல் ஏடு என்று அறிந்தவர் எத்தனை பேர்?

ஜெரஜாக்கின் கதையைத் தொடங்குமுன், அதன் அண்டைப் பெருந்தீவாகிய பினாங்கின் கதையில் ஒரு பக்கத்தைப் புரட்டுதல் வேண்டும். தீவுகளை ஆங்கிலேயர் எதற்குப் பயன்படுத்தினர் என்பது அப்பொழுதுதான் விளங்கும்.

துரைசாமியின் கடிதம்

கெடா சுல்தானிடமிருந்து பினாங்கை 1786-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் பெற்றனர். பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் அங்குக் கொடி நாட்டினார். சில ஆண்டுகளிலேயே இந்தியாவினின்று குற்றவாளிகளைக் கொண்டுவந்து இறக்கும் இடமாகவும் அத்தீவு ஆயிற்று. காடு வெட்டவும் சாலை போடவும் கூலியற்ற கைகள் வேண்டியிருந்தன. விலங்கிட்ட கைகள் அதற்கு உதவின.

இவ்வாறு வந்தோருள் திருடரும் கொலைஞரும் மட்டும் இருந்தாரல்லர். சிவகங்கைச் சீமையில் கும்பினி ஆட்சியை எதிர்த்து நின்ற மருது சகோதரர்கள் 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களோடு நின்றோரில் 70-க்கும் மேற்பட்டோர் 1802-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடியிற் கப்பலேற்றப்பட்டு, வாழ்நாள் முழுதும் திரும்பா வண்ணம் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவன். அப்பொழுது அவன் மீசை அரும்பும் பருவத்துச் சிறுவன்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. சின்ன மருதுவை நண்பராய் அறிந்திருந்தவரும், பின்னர் அவரை எதிர்த்துப் போரிட்டவருமான ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1818-இல் பினாங்குக்கு வந்தார். அவர்முன் உடல் தளர்ந்து, முதியவர் போல் தோன்றிய ஒருவர் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்: துரைசாமி. ஊரில் எஞ்சியிருந்த தம் குடும்பத்தார்க்கு ஒரு கடிதம் எடுத்துச் செல்லுமாறு அவர் வேண்டினார். விதிகள் இடந்தரா என்று வெல்ஷ் அதனை வாங்காது விட்டார். இதனை வெல்ஷே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். அதனாலேயே நாமும் அறிகின்றோம்.

வாசகர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். துரைசாமியின் பெயர் நமக்குக் கிட்டியது எவ்வாறு? கும்பினி அவனுக்கு அஞ்சிற்று. ஆதலின் அவன் பெயரைப் பட்டியலில் எழுதிற்று. பகைவன் எழுதிய ஏட்டிலே அப்பெயர் வாழ்கின்றது. அஞ்சத் தகாதவர் என்று கருதப்பட்ட ஏழை எளியவரின் பெயரை யார் எழுதினார்? இனி ஜெரஜாக்கிற்குச் செல்வோம்.

நோய்க்கு ஒரு தீவு

ஊருக்குள் வேண்டாதவரைக் கடலுக்கு அப்பால் வைத்தல் ஆளுவோர்க்கு எளிய வழி. பினாங்கின் அதிகாரிகள் தாம் வேண்டாதவரை ஜெரஜாக்கிற்கு அனுப்பினர். முதலில் அங்கு அனுப்பப்பட்டோர் தொழுநோயாளர். அவர்க்கென 1868-இல் கட்டத் தொடங்கிய விடுதி 1871-இல் செயற்படலாயிற்று. தொழுநோய்க்குக் காரணமாகிய நுண்கிருமியை நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தது 1873-இல். அதாவது, நோயின் காரணம் இன்னதென்று உலகம் அறியுமுன்னரே நோயாளருக்குத் தீவு தயாராகிவிட்டது. மருந்தென்று சொல்லத்தக்கது அக்காலத்தில் இல்லை. நிரடிமுத்து எண்ணெயைப் பூசியும் உட்கொள்ளக் கொடுத்தும் பார்த்தனர். உண்மையில் நோயைத் தீர்க்கும் மருந்து 1940-களிலேதான் கைக்கு வந்தது. சீனரும் தமிழரும் மலாயரும் அங்கு ஒன்றாக வாடினர். சுங்கை பூலோவில் 1930-இல் பெரிய குடியிருப்புத் திறக்கப்பட்ட பின்னரே ஜெரஜாக்கின் தொழுநோயாளர் அங்கு மாற்றப்பட்டனர்.

தொழுநோயாளர் விடுதிக்கு அடுத்தபடியாகத் தோன்றியதே நம் கதைக்கு உரிய இடம். வெளிநாட்டினின்று வருவோரைத் தனியே நிறுத்திச் சோதிக்கும் குவாரண்டைன் முகாம் 1870-களில் அங்கு ஏற்பட்டது. இம்முறை இத்தாலிய நாட்டுத் துறைமுகங்களிலே, கொள்ளை நோய்க்கு அஞ்சிக் கப்பலை நாற்பது நாள் வெளியே நிறுத்திய பழக்கத்தினின்று வந்தது. அச்சொல்லே நாற்பது என்னும் எண்ணைக் குறிப்பது. சிங்கப்பூரில் 1873-இல் வாந்திபேதி பரவ, மறு ஆண்டே செயின்ட் ஜான்ஸ் தீவில் இத்தகைய முகாம் அமைத்தனர். ஹாங்காங்கில் 1894-லும் பம்பாயில் 1896-லும் பிளேக் தோன்றிய பின்னர்க் கீழ்த்திசைத் துறைமுகங்களிலெல்லாம் கெடுபிடி மிகுந்தது. அக்கெடுபிடியின் பாரம் யார் தலைமேல் விழுந்தது? கப்பலின் தளத்தில் படுத்து வந்த ஏழையின் தலைமேல். அறை எடுத்து வந்த பெரிய மனிதர்கள் வைத்தியரிடம் முகங்காட்டிவிட்டு நகருக்குள் சென்றனர்; தளப் பிரயாணிகள் படகேறித் தீவுக்குச் சென்றனர். கிருமி பயணச்சீட்டின் விலையைப் பார்த்து ஏறுவதில்லை. ஆயினும் சட்டம் அதைப் பார்த்தது.

நாகையினின்று ஜெரஜாக் வரை

நம்மவர் வரவின் முறையையும் சிறிது அறிதல் நன்று. 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தனர். கப்பற்கூலியும் முன்பணமும் கடனாய்த் தலைமேல் ஏறும், அக்கடன் தீருமளவும் தோட்டத்தை விட்டு அகலுதல் குற்றமாகும், அகன்றால் சிறை. இம்முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே வேரூன்றிவிட்ட கங்காணி முறை அதன்பின் தனியரசு செலுத்திற்று. தோட்டத்துத் துரையிடம் உரிமச் சீட்டுப் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் செல்வான். வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமுமாய்ச் சாவடியில் அமர்ந்து, மரத்தைக் கீறினால் பணம் வடியும் என்பான். மழை பொய்த்த ஆண்டில், பண்ணையாளின் அடியும் வசவும் பொறாத குடும்பத்திற்கு அச்சொல் தேனாய் இனித்தது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களினின்று குடும்பம் குடும்பமாய்ப் புறப்பட்டனர்.

ஆவடியிலோ நாகப்பட்டினத்துப் பாப்பாகோவிலிலோ அமைந்த முகாமில் அவர்களைத் தங்கவைத்துச் சோதித்து, அம்மை குத்தி, கப்பலேற்றினர். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை அக்கடல் வழியில் ஓடிய ‘ரஜுலா’ கப்பலின் பெயர் இன்றும் நம் முதியோர் வாயிலிருந்து நீங்கவில்லை. அதன் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் பாய் விரித்துக் கிடந்தனர். ஒருவர் கால் மற்றொருவர் தலையில் இடிக்கும். ஊரில் தெருவைப் பிரித்து, கிணற்றைப் பிரித்து, சுடுகாட்டையும் பிரித்து வைத்த சாதி, அத்தளத்தில் தனக்கென இரு முழம் இடம் தேடியும் காணாது தவித்தது.

பினாங்கை நெருங்கியதும் பிறை விளக்குகள் தெரியும். வந்துவிட்டோம் என்று மூட்டையைக் கட்டுவர். ஆனால் படகுகள் அவர்களைச் சுமந்துகொண்டு ஜெரஜாக்கிற்குத் திரும்பும். அங்கு வரிசையில் நிற்க வேண்டும். துணிகளைக் களைந்து கொடுத்தால் கொதிநீராவியில் இட்டுத் திருப்பிக் கொடுப்பர். மருந்து கலந்த நீரில் குளிக்க வேண்டும். ஊரை விட்டுப் புறப்படுகையில் தாய் முடிந்து கொடுத்த விபூதியும் குலதெய்வத்து மண்ணும் அந்நீரில் கரைந்திருக்கும் அல்லவா? பிறர் காண முகத்தையும் முழுதும் திறவாத பெண்டிர், அயலான் முன்னே நின்று உடல் சோதிக்கப்பட்டபோது பட்ட வெட்கத்தை எந்த அறிக்கையும் எழுதவில்லை.

பெரும்பாலும் ஒரு வார காலம் அங்குத் தங்கவேண்டும். கப்பலில் எவர்க்கேனும் வாந்திபேதியோ வைசூரியோ கண்டால் நாட்கள் நீளும். நோய் கண்டவரைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டு செல்வர். நலமடைந்து மீண்டோர் உண்டு, மீளாதோரும் உண்டு. மீளாதோரைத் தீவிலேயே புதைத்தனர். தோட்டத்தையும் காணாமல், பால்மரத்தையும் தொடாமல், கங்காணி கூறிய பணம் வடியும் மரம் எங்கே என்று பாராமலே சிலர் வாழ்வு அங்கு முடிந்தது.

நடுநிலை பிறழாது ஒன்று கூறவேண்டும். தனிமைப்படுத்தலைப் பயனற்றது என்று தள்ளுதல் அறிவன்று. வைசூரிக்கு அம்மை குத்துதல் உயிர் காத்தது. வாந்திபேதி தோட்டங்களுக்குள் புகுவதை அம்முகாம் பலமுறை தடுத்தது. குறை அச்செயலில் அன்று; அதனைச் செய்த மனத்தில் இருந்தது. மனிதரைக் காப்பதைவிடக் கூலிச் சரக்கைச் சேதமின்றி இறக்குவதே அம்மனத்திற்குப் பெரிதாய்ப் பட்டது. அவ்வாறன்றேல், தீவில் இத்துணைக் கவனமாய்ச் சோதிக்கப்பட்டவர்கள், தோட்டத்து லயங்களில் மலேரியாவுக்கு இரையாய் மாண்டபோது அதே கவனம் எங்கே ஒளிந்தது?

முகாமினின்று விடுபட்டோர் பிறைக்கு வந்து, பெயர் கொடுத்து, தோட்டம் தோட்டமாய்ப் பிரிக்கப்பட்டனர். கூலிம் பக்கம் வரவேண்டியோர் புக்கிட் மெர்தாஜாம் வழியாய் இவ்வட்டாரத்திற்கு வந்தனர். பாடாங் செராயைச் சூழ்ந்த தோட்டங்கள் அவ்வாறு நிரம்பியவையே. தீவில் ஒரே மருந்து நீரில் குளித்தவர்கள், தோட்டம் சேர்ந்ததும் பல இடங்களில் சாதிக்கொரு லயம் என்று பிரிந்து அமர்ந்ததை என்னென்பது! ஆங்கிலேயன் ஏழு நாள் நம்மைத் தீண்டத்தகாதவராக வைத்தான். நமக்கு உள்ளம் எரிந்தது. நாமோ நம்மவரை ஏழேழு தலைமுறை அவ்வாறு வைத்தோம். இதனை உணர்த்திய அளவில் ஜெரஜாக் நமக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஆகும். அப்பாடத்தை நாம் கற்றோமா என்பதே கேள்வி.

கல்லில் எழுதிய பெயரும் எழுதாத பெயரும்

ஜெரஜாக்கில் வேறொரு வகைக் கல்லறையும் உண்டு. ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை அறியாத தமிழர் இலர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னையைக் குண்டு வீசிக் கலக்கி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திச் சென்ற கப்பல் அது. சூழ்ச்சி மிக்கவனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அதனால் எழுந்தது. அதே கப்பல் அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்தது. பிற கப்பல் போல் தோன்றுவதற்காகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நாட்டிக்கொண்டு வந்து, அங்கு நங்கூரமிட்டிருந்த ‘ஜெம்சுக்’ என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. மாண்ட ரஷ்ய மாலுமிகள் பினாங்கு நகர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். ஜெரஜாக்கிலும் சிலர்க்குக் கல்லறை அமைந்தது. ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவர்கள் நாட்டுத் தூதரகத்தார் வந்து மலர் சாத்தி வணங்குகின்றனர்.

அம்மாலுமிகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அவர்க்குச் செய்யும் மரியாதையை நாமும் மதிக்கின்றோம். ஆனால் அதே தீவில் புதர் மூடிக் கிடக்கும் நம்மவர் புதைகுழிக்கு யார் மலர் கொண்டு செல்கின்றார்? வெள்ளைத் துரைமார் தமிழ்த் தொழிலாளி எவனாயினும் ‘ராமசாமி’ என்று அழைத்தனர். முனியன் என்றாலும் ராமசாமி. காளிமுத்து என்றாலும் ராமசாமி. ஒருவனுடைய பெயரை அறிய வேண்டாம் என்று எண்ணுவோர்க்கு அது வசதியான பழக்கம். ஆயினும், பெயரை மறந்த பழி அவர்கள்மேல் மட்டும் உண்டு என்றால் அது உண்மையாகாது. நாமும் மறந்தோம்.

தீவின் பிற்காலக் கதையைச் சுருக்கிச் சொல்லலாம். இந்திய அரசாங்கம் 1938-இல் உதவிக் கூலியாய்த் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடுத்தது. கங்காணியின் சாவடிப் பேச்சு அத்துடன் ஓய்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜெரஜாக் காசநோயாளர்க்கு மருத்துவமனையாயிற்று. 1969-ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தை அடுத்து அங்குச் சிறைக்கூடம் அமைத்தனர். அது 1993 வரை நடந்தது. பின்னர் உல்லாசப் பயணிகளுக்கு விடுதியும் எழுந்தது. தொழுநோயாளர், கூலிகள், காசநோயாளர், கைதிகள் என்று ஊர் ஒதுக்கிய ஒவ்வொரு கூட்டமும் அம்மண்ணில் வாழ்ந்து சென்றது. ஒரு நாடு யாரைத் தீவுக்கு அனுப்பிற்று என்று பார்த்தால், அந்நாடு யாரைத் தன் மக்கள் என்று எண்ணவில்லை என்பது தெரிந்துவிடும்.

நாம் செய்யத்தக்கது

1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர் 40 இலட்சத்திற்கும் மேல் என்று இப்பொருளை ஆராய்ந்த அறிஞர் சாந்து கணித்தார். அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பலர் திரும்பினர், பலர் இங்கே மாண்டனர், எஞ்சியோரின் மக்களே நாம். எண் நமக்குக் கிடைத்துவிட்டது. பெயர்தான் கிடைக்கவில்லை. எண்ணை ஆராய்ச்சியாளர் காப்பர். பெயரைக் குடும்பந்தான் காத்தல் வேண்டும்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1938-க்கு முன் கைக்குழந்தையாய்க் கப்பலில் வந்தோரும் இன்று தொண்ணூறை எட்டும் முதியோர். அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளே தாத்தா பாட்டி ஆகிவிட்டனர். பாடாங் செராய் வட்டாரத்திலும் தோட்டம் தோட்டமாய் நிலம் கைமாறி, வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுகின்றன. கூலிமில் 1996-இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்கா நிற்கும் வட்டாரம் ஒரு காலத்தில் தோட்டங்கள் மலிந்த வட்டாரமே. வேலை வந்தது, நன்று. ஆனால் லயம் கலைந்தபோது கோயிலும் பள்ளியும் இடம் பெயர்கின்றன, சுடுகாடு மறைகின்றது, ஒருவர்க்கொருவர் கதை சொன்ன வாசற்படியும் போய்விடுகின்றது.

ஆதலின், நண்பர்களே, பெரிய காரியம் ஒன்றும் வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டிலுள்ள முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். பாட்டன் பெயர் என்ன? பாட்டியின் பெயர் என்ன? அவளுக்குப் பெயர் உண்டு. ‘இன்னார் பெண்சாதி’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், தீவில் எத்தனை நாள், உடன் வந்தோருள் அங்கேயே தங்கிவிட்டவர் யார், முதலில் எந்தத் தோட்டம், கங்காணி யார் என்றெல்லாம் கேட்டு எழுதுங்கள். சாதியைக் கேட்க வேண்டா. அது கரைந்து போவதே நன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஒரு பயிற்சியாய்க் கொடுக்கலாம். வாசகசாலைகளும் இளைஞர் மன்றங்களும் அவ்வேடுகளைச் சேர்த்து வைக்கலாம். கோயில் திருவிழாவிற்குச் செலவாகும் வாணவேடிக்கையில் ஒருநாட் செலவு, ஜெரஜாக்கில் ஒரு கல் நாட்டப் போதுமானது.

துரைசாமி எழுதிய கடிதத்தை வெல்ஷ் வாங்கவில்லை. அவர் கையை விதி கட்டியிருந்தது. நம் முன்னோர் எழுதத் தெரியாதவர்கள். அவர்கள் கடிதம் வாய்மொழியாகவே நம்மிடம் நீட்டப்படுகின்றது. நம் கையை எந்த விதியும் கட்டவில்லை. அடுத்த முறை பினாங்குப் பாலத்தைக் கடக்கையில் இடப்பக்கம் நோக்குங்கள். அருகில் அமர்ந்த பிள்ளைக்கு அத்தீவைக் காட்டி, ஒரு பெயரையேனும் சொல்லுங்கள். சொல்வதற்குப் பெயர் இல்லையேல், வீடு திரும்பியதும் பாட்டியிடம் கேளுங்கள்.